கூலிக்கு நிற்கலாம், சொந்தக் கடையில் அமரக் கூடாதா?



பந்தலூர் வட்டத்துத் தேயிலைச் சரிவுகளில் அமைந்த சேரம்பாடி போன்ற ஊர்களில், தோட்ட வேலைக்குப் போகாத பெண்பிள்ளைகளுக்குப் பிழைப்பு பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் கிடைக்கிறது. கூடலூர், சுல்தான் பத்தேரி, கல்பற்றா, கோழிக்கோடு, கோயம்புத்தூர் என எங்கெல்லாம் பெரிய ஜவுளிக்கடைகள் உண்டோ, அங்கெல்லாம் மலையகப் பெண்கள் துணி விரித்துக் காட்டும் வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் பெண், சேமித்த தொகையோடும் கற்ற தொழிலோடும் ஊர் திரும்பி, கடைவீதியில் பெண்களுக்கான ஆடையகம் ஒன்று திறக்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலருடைய வாயிலிருந்து முதலில் வரும் சொல் எது? “பெண்ணுக்கு எதற்குக் கடை? கல்லாவில் பெண் உட்கார்ந்தால் நான்கு பேர் என்ன பேசுவார்கள்?”

இந்தக் கேள்வியைக் கேட்போரிடம் திருப்பிக் கேட்க ஒன்று இருக்கிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அந்நிய ஆண்கள் முன்னிலையில், அந்நிய ஆணின் மேற்பார்வையில், காலை முதல் இரவு வரை அவள் நின்றபோது யாரும் நாணத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைசிப் பேருந்தைப் பிடித்து, யானை நடமாடும் சாலை வழியே அவள் வீடு திரும்பியபோது யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை. அவளுடைய சம்பளம் தம்பியின் கல்லூரிக் கட்டணமாகவும் தங்கையின் நிகாஹ் செலவாகவும் மாறியபோது அது ஹலாலா என்று எவரும் ஆராயவில்லை. அவள் உரிமையாளராக முன்வரும் நாளில் மட்டும் மார்க்கம் நினைவுக்கு வருகிறது என்றால், அங்கே பேசுவது மார்க்கம் இல்லை, ஆணின் கௌரவம்.

அவள் நின்ற நிலை எத்தகையது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். நமக்கு மலையிறங்கினால் எட்டும் கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்கள், பணி நேரத்தில் உட்காரவும் கழிப்பறைக்குச் செல்லவும் உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. தையல் தொழிலாளியான விஜி அவர்களை ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியே ஒன்று திரட்டினார். பல ஆண்டுகள் நீடித்த அந்த முயற்சியின் பயனாக 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021-இல்தான், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியர் அமர இருக்கை அளிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நாற்காலி ஒன்றுக்குச் சட்டம் தேவைப்பட்ட தொழில் அது. அதில் கால் வீங்க நின்றவள் தன் சொந்த நாற்காலியில் அமர விரும்புவதை நாம் தடுக்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்குண்டு என்ற கருத்தை அல்குர்ஆன் 4:32 தெளிவாக வைக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் முதலைத் தாமே நிர்வகித்த வணிகர். நபி (ஸல்) அவர்கள் இளமையில் அவர்களுடைய சரக்கைக் கொண்டுதான் ஷாம் தேசம் சென்றார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்ததை முஸ்லிம் நூலின் ஹதீஸ் புகழ்ந்து பேசுகிறது. துணி வணிகமோ நம் முன்னோரின் தொழில். அபூபக்கர் (ரலி) அவர்கள் துணி வணிகர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் ஜவுளி வணிகம் செய்தவர்கள்; குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்லாமல் அவர்களுடைய கூட்டாளி விற்றுவிட்டபோது, வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்தார்கள் என்பது பரவலாக அறியப்பட்ட வரலாறு.

“ஃபேஷன் என்பதே வீண்விரயம், அதைப் பரப்பும் கடை எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஆடை மானத்தை மறைப்பதற்கும் அலங்காரத்திற்கும் அருளப்பட்டது என்பதை 7:26 கூறுகிறது. அலங்காரத்தை ஹராமாக்கியது யார் என்று 7:32 கேட்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே 7:31 விரயத்தைத் தடுக்கிறது. விரயம் நம்மிடம் எங்கே நிகழ்கிறது? ஒரே நிகாஹுக்காக வாகனம் அமர்த்தி, குடும்பமே நகரத்து மாடிக்கடைகளுக்குச் சென்று, ஒருமுறை உடுத்திப் பெட்டியில் பூட்டும் உடைக்குப் பல்லாயிரம் கொட்டுகிறோமே, அங்கே நிகழ்கிறது. அதைத் தட்டிக் கேட்காத நாக்கு, உள்ளூரில் அபாயாவும் சுடிதாரும் நைட்டியும் விற்க வரும் பெண்ணிடம் மட்டும் நீள்கிறது.

உண்மையில் பர்தாவைப் பேணுவோருக்குத்தான் இப்படியொரு கடை முதலில் தேவை. உள்ளாடையின் அளவை ஓர் அந்நிய ஆணிடம் சொல்லி வாங்கும் சங்கடத்தை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை காலமாகச் சகித்து வருகிறார்கள்? ஆண் தையற்காரரிடம் அளவு கொடுக்க நேர்வதும், உடை மாற்றும் அறையில் கேமரா இருக்குமோ என்ற அச்சமும் எவருக்குத் தெரியாது? பெண்ணே நடத்தி, பெண்ணே அளவெடுத்து, பெண்ணே ஆல்டர் செய்து தரும் கடை, நாம் மேடையில் பேசும் ஹயாவைக் கடைவீதியில் நடைமுறைப்படுத்துகிறது. மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு கூடலூருக்கோ பத்தேரிக்கோ அலைய வேண்டிய அவசியமும் குறைகிறது.

“வீட்டை யார் பார்ப்பது?” என்பது அடுத்த கேள்வி. மனைவி மக்களின் வாழ்வாதாரச் செலவு கணவனின் கடமை. மனைவி சம்பாதிப்பதால் அக்கடமை நீங்குவதில்லை. கடை நேரம், பிள்ளைகளின் பள்ளி, தொழுகை ஆகியவற்றைக் கணவனும் மனைவியும் ஆலோசித்து ஒழுங்குபடுத்தலாம். நகரத்துக் கடையில் முதலாளி வைத்ததே நேரம். சொந்தக் கடையில் நேரத்தை அவளே தீர்மானிக்கிறாள்.

கடை திறக்கும் சகோதரிக்கும் சில சொல்ல வேண்டும். ஈரோட்டில் கொள்முதல் செய்தாலும் சூரத்திலிருந்து தருவித்தாலும், சாயம் போகும் துணியைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்பனை செய்யுங்கள். ‘இஸ்லாமிய உடை’ என்ற பெயரைக் காட்டி இரட்டை விலை வைக்காதீர்கள். உதவிக்கு ஒரு பெண்ணை நியமித்தால், உங்களுக்கு மறுக்கப்பட்ட நாற்காலியை அவளுக்கு முதல் நாளே கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழி உங்களுக்கும்தான்.

இப்போது ஜமாஅத்தின் கடமை. வட்டி ஹராம் என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கிறோம். அப்படியானால் வட்டியில்லா முதல் எங்கே? பைத்துல்மால் நிதியிலிருந்து அழகிய கடனாக ஒரு தொகையைக் கொடுத்து, தவணையில் திரும்பப் பெறலாம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடை அறைகளில் ஒன்றை நியாயமான வாடகைக்கு அவளுக்குத் தரலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தை விதவையரும் ஆதரவற்ற பெண்களும் அணுக வழிகாட்டலாம். இவற்றில் எதையும் செய்யாமல் தடுப்பதற்கு மட்டும் கூடும் ஜமாஅத், அவளை வட்டிக்காரனின் வாசலுக்குத் தானே தள்ளுகிறது.

இறுதியாக, உறவினர்களாகிய நமக்கு. சிறு ஜவுளிக்கடைகளை மூடச் செய்வது போட்டி மட்டும் இல்லை. சொந்தக்காரர்களின் பற்றுக் கணக்கும்தான். “நம்ம பிள்ளை கடைதானே” என்று பெருநாளுக்கு நான்கு உடை எடுத்து, அடுத்த பெருநாள் வரை பணம் கொடுக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனம் அத்தை மகளின் கடைக்கும் பொருந்தும். நகரத்துக் கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், உள்ளூர்ப் பெண்ணிடம் மட்டும் அடக்க விலைக்கும் கீழே பேரம் பேசுவது அநீதி.

ஆகவே, சேரம்பாடியிலோ வேறெந்த ஊரிலோ ஒரு சகோதரி கடை திறந்தால், அறிவுரையோடு போகாதீர்கள். பணத்தோடு போங்கள், வாங்குங்கள், அன்றே கொடுத்துவிட்டு வாருங்கள். அவளுடைய வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.