எலியைப் பார்க்காத வாசகன்

யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ பற்றித் தேனி, கம்பம் பக்கத்து இலக்கிய நண்பர்கள் வாய் திறந்தால் முதலில் வந்து விழுவது தீர்ப்புதான். பிராணேசாச்சாரி பதிதன், அல்லது விமோசனம் பெற்றவன். சந்திரி தாசி, அல்லது தெய்வம். 1965இல் கன்னடத்தில் வெளிவந்து, 1976இல் ஏ. கே. ராமானுஜன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன நாவல் இது. இத்தனை வருஷம் கழித்தும் நம் வாசகன் பஞ்சாயத்துத் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

தீர்ப்புச் சொல்கிறவர்களில் இரண்டு கட்சி. நோயாளி மனைவிக்குப் பணிவிடை செய்து தவசிபோல வாழ்ந்தவன் ஒரே ராத்திரியில், காட்டில், செத்துப்போன நாரணப்பாவின் வைப்பாட்டியோடு படுத்துக் கெட்டான் என்பது ஒரு கட்சி. அந்த ராத்திரிதான் அவனை மனுஷனாக்கியது என்பது லாரன்ஸை அரைகுறையாகப் படித்தவர்களின் கட்சி. வரவில் வைப்பதா பற்றில் எழுதுவதா என்பதில்தான் சண்டை, பேரேடு ஒன்றுதான். 1970இல் படமாக வந்தபோது தணிக்கைக்காரர்கள் தடை போட்டார்கள். பின்னால் தடை நீங்கி அதே படம் தேசிய விருதும் வாங்கியது. 1977இல் நைபால் ஆச்சாரியை இந்திய மனத்தின் ஊனத்துக்கு ஒரு மாதிரிச் சரக்காக எடுத்துக்கொண்டார். அது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான தீர்ப்பு, அவ்வளவுதான். நம் அலங்காரத்தம்மாளுக்கும் இதே கோர்ட்டுதான் கூடியது.

எல்லோர் கண்ணும் படுக்கை மேலேயே. எலியை யாரும் பார்ப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் படிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிளேக் இங்கே வெறும் குறியீடு அல்ல. இந்தப் பள்ளத்தாக்கின் பிளேக்கை ஆராய்ந்து ஜார்ஜும் வெப்ஸ்டரும் எழுதிய அறிக்கை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்திருக்கிறது. எலி விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியே குடிசை போடவேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குப் பாலபாடம். நாவலில் நாரணப்பா சிவமொக்காவிலிருந்து நோயோடு வந்து சாகிறான். அக்ரஹாரத்து வீடுகளில் எலிகள் சுருண்டு விழுகின்றன. கூரையில் கழுகுகள் உட்காருகின்றன. பிராமணர்கள் சங்கு ஊதிக் கழுகை விரட்டுகிறார்கள். ஆச்சாரி பிணத்துக்குச் சடங்கு செய்யத் தகுந்தவன் யாரென்று சுவடியில் தேடுகிறான். சின்னமனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். காட்டு ராத்திரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எலி செத்து விழுகுறதப் பாத்தப்புறமும் எதுக்குய்யா அங்கனயே உக்காந்திருந்தாக?” என்றார். நான் வாசித்த விமர்சனங்களில் இந்தக் கேள்வி இல்லை.

சுவடியைப் பார்த்து எலியைப் பார்க்காத அதே குருடுதான் காதலனாகவும் அவனிடம் இருக்கிறது. சந்திரியைத் தொட்டதில் என்ன குறை? எழுந்தபின் அவன் பேசுவதைக் கவனியுங்கள். தனக்குத் தைரியம் வருமோ வராதோ, நாளைக்கு பிராமணர்கள் முன்னால் நீயே சொல்லிவிடு என்கிறான். பாவசங்கீர்த்தனத்தைக் கூட அவள் தலையில் ஏற்றுகிறான். அவள் சொல்லவில்லை; அவன்மேல் இரக்கப்பட்டு ஊரைக் கூட்டாமல் விடுகிறாள். மீன் வியாபாரி அகமது பாரியைக் கூட்டிவந்து ராத்திரியோடு ராத்திரியாகப் பிணத்தை எரித்துவிட்டு குந்தாபுரத்துக்குக் கிளம்புகிறாள். பிணம் சாம்பலானது தெரியாமலே அக்ரஹாரம் விதி கேட்டு மடத்துக்கு நடக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் செய்யவேண்டிய ஒரே காரியத்தைச் செய்தவர்கள் ஒரு தாசியும் ஒரு முஸ்லிமும். நாவலின் மையம் இங்கே இருக்கிறது என்பது என் கட்சி.

அனந்தமூர்த்தியோடு எனக்குத் தகராறு இருக்கிறது, அதுவும் இங்கேதான். ஆச்சாரியின் மனக் குடைச்சலுக்குப் பிற்பாதி முழுவதையும் தருகிறவர், சந்திரிக்கு அழகையும் கருணையையும் கொடுத்துப் பாதியிலேயே வழியனுப்பிவிடுகிறார். ஆண்பிள்ளைக்குப் பிரக்ஞை, பெண்பிள்ளைக்கு உடம்பு என்ற பழைய பாகப்பிரிவினை. தெய்வம் என்று கும்பிடுகிற வாசகர்கள் இந்த ஓட்டையைத்தான் பூவைப் போட்டு மூடுகிறார்கள். கும்பிட்டுவிட்டால், நாறத் தொடங்கிய அந்தப் பிணத்தின் முன் நின்றபோது அவள் என்ன நினைத்தாள் என்று கேட்கவேண்டாம் பாருங்கள்.