பழுது காணும் அறிவு யாருக்கு?

கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழில் ஊர்களில், பி.எல்.சி. என்னும் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பற்றிப் பயிற்சி கொடுப்பதாகவும், முடித்தவுடன் வேலை நிச்சயம் என்பதாகவும் சுவரெங்கும் விளம்பரங்கள் காணப்படுகின்றன. கிராமத்துப் பிள்ளைகள் பலர் தாயின் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டிச் சேருகிறார்கள். பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதைப் பற்றி நமக்கு மிக்க மகிழ்ச்சியே. ஆனால் அங்கே கற்றுக்கொடுக்கப்படுவது என்ன, கற்றுக்கொடுக்காமல் மறைக்கப்படுவது என்ன என்பதைப் பணம் கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

பி.எல்.சி. என்பது என்ன? ஒரு சோடாத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் மேல் பாட்டில் வருகிறது. வந்ததை ஒரு சென்சார் காண்கிறது. பட்டை நிற்கிறது, குறிப்பிட்ட நேரம் சோடா நிரம்புகிறது, பிறகு மூடி விழுகிறது. இந்த வரிசையை நடத்துவதற்கு முன்காலத்தில் அலமாரி அலமாரியாக ரிலேக்களை அடுக்கி, ஆயிரக்கணக்கான வயர்களால் பின்னி வைத்திருந்தார்கள். இன்று அதே வேலையை ஒரு சிறு பெட்டி செய்கிறது. எப்படியென்றால், முதலில் எந்த சென்சார், எந்தப் பொத்தான் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறது; அடுத்து அதற்குள் எழுதி வைத்த விதிகளை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடுகிறது; கணக்கின்படி மோட்டாரையும் வால்வையும் ஓட்டவோ நிறுத்தவோ செய்கிறது; மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரந்தான் பிடிக்கும். இவ்வளவேயன்றி அதற்குக் கோபமும் கிடையாது, அருளும் கிடையாது.

இது வந்த வரலாறு நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியதாகும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஹைட்ராமாட்டிக் பிரிவார், கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே அலமாரிகளைப் பிரித்துத் திரும்ப வயர் கட்டுவதில் ஏற்பட்ட செலவையும் தாமதத்தையும் பொறுக்கமாட்டாமல், 1968இல் இதற்கு மாற்றாக ஒரு கருவி வேண்டுமென்று கேட்டார்கள். மாசசூசெட்ஸில் பெட்போர்டு அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிக் மார்லியும் அவருடைய கூட்டாளிகளும் செய்த கருவி 1969இல் வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் 84ஆவது வேலையாகையால் அதற்கு மாடிக்கான் 084 என்று பெயர். அதில் விதி எழுதுவதற்குக் கணக்கு மேதைகளின் பாஷையை வைக்காமல், ஆலையில் வேலை செய்த எலக்ட்ரீஷியன் தன் ரிலே வரைபடத்தில் தினமும் பார்த்துவந்த ஏணிப் படத்தையே வைத்தார்கள். இடது பக்கம் ஒரு கம்பம், வலது பக்கம் ஒரு கம்பம், நடுவே படிகள். ஒரு படியிலுள்ள தொடுப்புகள் எல்லாம் சேர்ந்தால் அதன் கடைசியில் இருப்பது வேலை செய்யும். ஒன்று விட்டுப்போனாலும் செய்யாது. அதாவது, தொழிலாளியை அறிவிடம் வா என்று கட்டளையிடாமல் அறிவைத் தொழிலாளியிடம் கொண்டுவந்தார்கள். லாபத்துக்காகத்தான் செய்தார்கள் என்றாலும் செய்தது நல்ல காரியம்.

நிற்க, இன்று நம் ஆலைகள் பலவற்றில் நடப்பது என்ன? அந்த ஏணியைப் பார்க்கும் உரிமை லேப்டாப் வைத்திருக்கும் ஒரு பட்டதாரிக்கு மட்டும். சில இடங்களில் அவருக்கும் கிடையாது. இயந்திரம் விற்ற கம்பெனி கடவுச்சொல் போட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறது. பத்து வருஷமாக அந்த இயந்திரத்தோடு நிற்கிற தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்டதெல்லாம் ‘ரீசெட்’ பொத்தானை அமுக்குவது ஒன்றுதான். ஒருமுறை அமுக்குகிறார், ஓடவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை அமுக்குகிறார். ஓடிவிட்டால், மூன்று முறை அமுக்கினால் ஓடும் என்று அடுத்த ஷிப்டுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். இதற்கும் வேப்பிலை அடிப்பதற்கும் என்ன பேதம்? ஆயுத பூசையன்று பேனல் கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவரை நாம் பரிகசிப்பது எளிது. அந்தக் கதவைத் திறந்து காரணம் பார்க்க அவருக்கு விடாதவர்களைக் கேட்பதல்லவா முதல் வேலை?

காரணம் பார்ப்பது ஒன்றும் தேவரகசியமல்ல. பட்டை ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுவோம். நேற்று வரையில் சரியாக ஓடிய புரோகிராம் ராத்திரியில் தானாகத் தன்னை மாற்றி எழுதிக்கொள்ளாது. ஆகவே பெரும்பாலும் குற்றம் வெளியில்தான் இருக்கும். சென்சாரின் மேல் தூசி, ஆடி ஆடி அறுந்த வயர், போன பியூஸ், தேய்ந்த காண்டாக்டர் என்று இருக்கும். பெட்டியின் முகத்தில் ஒவ்வொரு வரவுக்கும் ஒவ்வொரு போக்குக்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. மோட்டாருக்குரிய போக்கு விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எரிந்தும் மோட்டார் ஓடவில்லையென்றால், பெட்டி தன் கட்டளையைக் கொடுத்துவிட்டது. அதற்கு அப்பால் போக்குக் கார்டு, பியூஸ், காண்டாக்டர், மோட்டார் என்று தேட வேண்டியது. எரியவில்லையென்றால், ஏணியில் அந்தப் படியைப் பார்த்து எந்தத் தொடுப்பு சேரவில்லை என்று கண்டு, அதற்குரிய வரவு விளக்கைப் பார்த்து, அந்த வயரைப் பிடித்துக்கொண்டே சென்சார் வரையில் மீட்டருடன் போக வேண்டியது. ஒரே பார்வையில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடுகிறதல்லவா?

பயிற்சி நிலையங்கள் பலவற்றில் இது நடப்பதில்லை. மேசை மேல் நாலு விளக்கை வைத்துச் சாலை சிக்னல் போல எரிய வைக்கப் புரோகிராம் எழுதச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வயரை மறைவாகக் கழற்றி வைத்து, கண்டுபிடி பார்க்கலாம் என்று சொல்லுகிற வாத்தியார் எத்தனை பேர்? மனப்பாடத்தின் பலனுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். நிறுத்தும் பொத்தானை, அமுக்காதபோது மின்சாரம் ஓடும்படியும் அமுக்கினால் அறும்படியும் இணைப்பது முறை. வயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பதே காரணம். ஆதலால் ஏணியில் அதைத் திறந்த தொடுப்பாகவே எழுத வேண்டும். இந்தக் காரணம் தெரியாமல் நிறுத்துவதற்கு மூடிய தொடுப்பு என்று உருப்போட்டவன் அப்படியே எழுதினால், நிறுத்தும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்போது மட்டும் ஓட்ட முடிகிற ஓர் அதிசய இயந்திரத்தைப் படைத்துவிடுவான்!

இதில் சிரிப்பு மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து ஒரு வால்வை வலுக்கட்டாயமாகத் திறக்கச் செய்யும் வசதி உண்டு. எதிரே ஒருவன் கை உள்ளே இருக்கிறதா என்று லேப்டாப்புக்குத் தெரியாது. பழுது பார்க்கக் கை நீட்டுமுன் மின்சாரத்தையும் காற்றழுத்தத்தையும் அடைத்து, பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வதே முதல் பாடமாக இருக்க வேண்டும். ஆபத்துப் பொத்தானைச் சாதாரணப் புரோகிராமை மாத்திரம் நம்பி விடக்கூடாது என்பது இரண்டாவது.

திரையில் தெரிவதே உண்மை என்று நம்புவதும் கூடாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சு நிரல், ஈரானில் நத்தான்ஸ் யுரேனிய ஆலையின் சீமென்ஸ் பி.எல்.சி.களுக்குள் புகுந்து, சுழலும் இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, கண்காணிப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டியது. திரை சொன்னாலும் சரி, பெரியவர் சொன்னாலும் சரி, இயந்திரத்தின் அருகில் போய்ப் பார்க்கத் தெரிந்தவன் வேண்டும்.

இவ்வளவும் பட்டம் படிக்காதவனுக்கு வருமா என்று சிலர் கேட்பார்கள். ஜெர்மனியில் 1998 முதல் மெக்கட்ரானிக்கர் என்றொரு தொழிற்பயிற்சி இருக்கிறது. மூன்றரை வருஷம், ஆலையிலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிக் கற்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டம் கேட்பதில்லை. சீமென்ஸ் கம்பெனியின் ஜெர்மன் குறியீட்டில் வரவுக்கும் போக்குக்கும் போடும் எழுத்துக்கள், ஐன்காங், ஆஸ்காங் என்னும் அவர்கள் தாய்மொழிச் சொற்களின் முதலெழுத்துக்களே. உலகத்துக்கு விற்கும்போதுதான் வேறு எழுத்து. ஜெர்மானியனுக்கு அவன் பாஷையில் விளங்குகிற விஷயம் நமக்கு மட்டும் இங்கிலீஷில்தான் விளங்குமாம்! ரிலே, சென்சார் என்ற பெயர்கள் அப்படியே இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருப்பதற்கு என்ன தடை?

பணம் கட்டப் போகும் பிள்ளைகள் முதலில், பழுது வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா, வாரத்தில் எத்தனை மணி நேரம் மீட்டர் என் கையில் இருக்கும் என்று கேளுங்கள். ஏணி எழுதிப் பழகுவதற்கு மட்டுமானால் ஓப்பன் பி.எல்.சி. போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு நகை அடகு வேண்டாம். தொழிற்சங்கத் தோழர்களோ, புது இயந்திரம் வாங்கும் ஒப்பந்தத்திலேயே புரோகிராமின் பிரதியும் கடவுச்சொல்லும் ஆலையிடம் ஒப்படைக்கப்பட வேண்டுமென்றும், வரைபடம் மானேஜர் அறைப் பீரோவில் இல்லாமல் பேனல் கதவின் உட்புறத்திலேயே இருக்க வேண்டுமென்றும், ஷிப்டுக்கு இரண்டு பேராவது அதைப் படிக்கப் பயிற்சி பெற வேண்டுமென்றும், அந்தப் பயிற்சி நேரத்துக்குக் கூலி உண்டென்றும் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே கேட்க வேண்டும்.