மருந்து வணிகரின் மகள்

‘உணவே மருந்து’ என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்குதல் எளிது, ஆராய்ந்து மெய்ப்பித்தல் அரிது. அவ்வரிய பணிக்கு வாழ்நாளை ஈந்த சீனப் பெண்மணி ஒருவரை மாணவச் செல்வங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம்.

லூ குவெய்-ஜென் அம்மையார் 1904இல் நான்கிங் நகரில் மருந்து வணிகரின் மகளாகப் பிறந்தார். பரம்பரை மருந்துகளை மதிக்கும் மனத்தைத் தந்தையிடம் பெற்றார். ஐயுற்று ஆராயும் முறையை உயிர்வேதியியலில் பயின்றார். ‘பி1’ உயிர்ச்சத்தை ஆராய்ந்த அவர், 1937இல் கேம்பிரிட்ஜ் சென்று, ஜோசப் நீதாம் என்னும் ஆங்கில அறிஞருக்குச் சீனமொழியும் கற்பித்தார். அந்நட்பிலிருந்தே ‘சீனத்தில் அறிவியலும் நாகரிகமும்’ என்னும் பெருநூல் வரிசை முளைத்தது. 1954இல் வெளிவந்த அதன் முதல் தொகுதி காணிக்கையாக்கப்பட்டது எம்மன்னருக்கும் அன்று. அம்மையாரின் தந்தையாகிய அம்மருந்து வணிகருக்கே!

சீன உணவியல் வரலாறு பற்றி இருவரும் எழுதிய கட்டுரை 1951இல் ‘ஐசிஸ்’ ஆய்விதழில் வெளிவந்தது. மங்கோலியப் பேரரசருக்கு ஹூ சிஹுய் என்பார் 1330இல் படைத்த உணவு நூலை அது எடுத்துக்காட்டிற்று. சத்துக்குறையால் வரும் நோயை உணவாலேயே தீர்க்கலாம் என்பதைச் சீனர் பட்டறிவால் கண்டிருந்தனர் என்று வாதிட்டது. அவ்வுணவு நூலில் கொண்டைக்கடலைக்கு வழங்கும் பெயரின் பொருள் ‘முஸ்லிம் பயறு’ என்பதாம். வணிகரோடு பயறும், பயறோடு அறிவும் நாடு கடந்த வரலாற்றுக்கு அப்பெயர் ஒன்றே சான்று.

நம்மிடையே இருவகைப் பிழைகள் உலவுகின்றன. முன்னோர் அறியாதது எதுவுமில்லை எனச் சாதிப்பது ஒன்று; முன்னோர் கூற்றெல்லாம் மூடநம்பிக்கை எனத் தள்ளுவது மற்றொன்று. இரண்டும் நூலைத் திறந்து படிக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழிகளே. பட்டறிவு வேறு, காரண அறிவு வேறு. உயிர்ச்சத்து என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டினது. நோய் தீர்த்த உணவைப் பழைய நூலிலும், அது தீர்த்த காரணத்தை ஆய்வுக்கூடத்திலும் தேடுவதே முறை. அம்முடிவுகளையும் பின்வருவோர் மீண்டும் ஆராய்தல் வேண்டும், அஃது இழுக்கன்று.

அக்குபஞ்சர் வரலாற்றை 1980இல் நீதாமுடன் நூலாக்கிய அம்மையார், 1991இல் மறைந்தார். தந்தையின் தொழிலுக்கு ஒரு மகள் செய்த மரியாதையாகவே அவ்வாழ்வை நாம் காண்கின்றோம்.

மாணவர்களே! உங்கள் இல்லத்து மூதாட்டியர் கூறும் பக்குவங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர் அஞ்சாது ஐயுறுங்கள். பெரியோர்களே! அவ்வையத்தை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். வினவப்படாத மரபு மறக்கப்படும்.