சந்தை எழுதும் பாடம்

வாங்குபவனே தராசையும் பிடித்தால் எடை எப்படியிருக்கும் என்பதைத் தருவைகுளத்துக் கடற்கரையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. படகுக்கு முன்பணம் கொடுத்தவரே மீனை ஏலம் எடுப்பவராகவும் இருந்துவிட்டால் விலை எந்தப் பக்கம் சாயும் என்பதை அங்குள்ள சிறுவனும் அறிவான். ஆனால், அச்சிறுவன் பள்ளியில் படிக்கும் பொருளியல் பாடத்தை எழுதுவோர் யார்? அவர்கள் கையில் இருப்பது யாருடைய தராசு? இக்கேள்வியைச் சமுதாயப் பெற்றோர் முன் வைக்க விரும்புகிறோம்.

2007-ஆம் ஆண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தேசியப் பங்குச் சந்தையுடன் கைகோத்து, மேல்நிலை வகுப்புகளுக்கு நிதிச் சந்தை மேலாண்மை என்னும் தொழிற்பாடத்தைத் தொடங்கியது. பங்குச் சந்தையைப் பற்றி மாணவர் அறியலாகாது என்பது நம் வாதமன்று. வாணிகம் நம் முன்னோர் கடல் கடந்து செய்த தொழில். பங்கு என்றால் என்ன, கடன் பத்திரம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். நாம் கேட்பது ஒன்றே: சந்தைக்கு வருவோரால் வருவாய் பெறும் நிறுவனம், சந்தைக்கு வரலாமா என்று கற்பிக்கும் ஆசானாக இருத்தல் தகுமா?

இக்கேள்வி வீண் ஐயத்தில் பிறந்ததன்று. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் பொருளிழந்தனர். இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இது வாணிகமா, ‘மைஸிர்’ என்னும் சூதா என்பதை மார்க்க அறிஞர் ஆராயட்டும். வென்றவரிடமும் தோற்றவரிடமும் ஒன்றுபோலக் கட்டணம் பெறுவது சந்தை. அது தன் கையால் எழுதும் பாடத்தில் இந்த 93 பேரின் கதைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கும்?

பிற நாட்டு அனுபவமும் நம் முன் இருக்கிறது. 1920-களில் அமெரிக்க மின்சாரக் கம்பெனிகளின் சங்கம் பள்ளிகளுக்குச் சிறு நூல்களை அனுப்பியது. பேராசிரியர்களுக்குப் பணம் கொடுத்தது. தனக்கு ஒவ்வாத பாடநூல்களை மாற்றவும் முயன்றது. மின்சாரம் அரசின் கையில் இருக்கலாம் என்ற எண்ணமே மாணவர் உள்ளத்தில் எழாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1928-இல் தொடங்கிய அரசு விசாரணையில் இவையாவும் அம்பலமாயின.

“அரசிடம் பணமில்லை, கம்பெனிகள் கொடுக்கின்றன, வாங்கினால் என்ன?” என்பர் சிலர். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, பெருநிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டமும் இத்தகைய நிதியைப் பெற வழி வகுத்தது. அத்திட்டம் பாடத்தில் கைவைத்தது என்று நாம் கூறவில்லை. பள்ளிக்குக் கூரையும் பெஞ்சும் கழிப்பறையும் தருவோரை மனமார வாழ்த்துவோம். ஆனால், கூரை தந்தவருக்கு அக்கூரையின் கீழ் சொல்லப்படும் பாடத்தில் உரிமையில்லை என்னும் கோட்டை இப்போதே அழுத்தமாகக் கிழித்துவிட வேண்டும்.

பொருளியல் கற்பிக்க இக்கரையில் எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமா? 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். மூலதனம் பத்து லட்சம். அதில் 8,000 பங்குகளை, அஃதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஆளை ஏற்றிக் குடையும் கொடுத்தது. குறைந்த விலையெல்லாம் நேர்மையான போட்டியின் கனியன்று. எளியவனை வீழ்த்தப் பெரும் பணப்பை விரிக்கும் வலையாகவும் அது இருக்கக்கூடும். இதைவிடச் சிறந்த பொருளியல் பாடம் எது? ஆனால், இதை ஒரு கப்பல் கம்பெனி எழுதித் தருமா?

தமிழக அரசின் பதினோராம் வகுப்புப் பொருளியல் நூலில் வள்ளுவரும் அம்பேத்கரும் ஜே. சி. குமரப்பாவும் இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சி தருகிறது. எந்தக் கம்பெனியின் இலாபத்துக்கும் உதவாத சிந்தனைகளுக்குப் பொதுப் பள்ளியில்தான் இடமுண்டு.

அரபியில் பொருளியலை ‘இக்திஸாத்’ என்பர். ‘கஸ்து’ என்னும் வேரில் பிறந்த அச்சொல், மிதத்தையும் நடுநிலையையும் உணர்த்துவது. பெயரிலேயே நடுநிலையைத் தாங்கிய கல்வியை ஒருதலையாக்குதல் முறையன்று. ஆகவே நாம் கோருவன மூன்று: பாடத்தை எழுதியவர் யார், பணம் தந்தவர் யார் என்பது நூலின் முதற்பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும், இலாபத்தைச் சொல்லும் பாடம் நட்டத்தையும் சொல்ல வேண்டும், பாடத்தின் இறுதிச் சொல் ஆசிரியரிடமே இருக்க வேண்டும்.

பெற்றோரே! பிள்ளையின் மதிப்பெண்ணைத் தவறாமல் கேட்கிறீர்கள். அவன் பாடநூலின் முதற்பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.