பத்துப் பொருத்தமும் ஒரு பேக்கிங்கும்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் இது. ஆனால், பைக்குக்குப் புது சைலன்சர் மாட்டும்போது பார்க்க வேண்டிய ஒரே ஒரு பொருத்தத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

என்ஜின் ஹெட்டில் புகை வெளியேறும் துவாரத்துக்கு போர்ட் என்று பெயர். அதில் வந்து உட்காருவது பெண்ட் பைப். இரண்டுக்கும் நடுவே வளையமாக ஒரு பேக்கிங். (கேஸ்கட் என்று ஸ்டைலாகக் கேட்டால் கடைக்காரர் விலையைக் கூட்டிவிடுவார்!) பேக்கிங்கின் ஓட்டை போர்ட்டைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. சமமாக இருக்கலாம், ஒரு மயிரிழை பெரிசாக இருந்தால் இன்னும் நல்லது. அவ்வளவுதான் பொருத்தம்.

ஏன்? தீபாவளி ரிலீஸ் படம் விட்டு ஜனம் வெளியே வருகிறது. கதவு சின்னது, தெரு பெரிசு என்றால் பிரச்னையே இல்லை. கதவு நிலையிலேயே ஒருத்தர் நின்று தீப்பெட்டி தேடினால்? போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பேக்கிங் அந்த ஆசாமிதான். 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின், விநாடிக்கு 50 தடவை புகையைத் துப்புகிறது. ஐம்பது தடவையும் அவர் மேல் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

போர்ட்டின் விட்டம் 30 மில்லிமீட்டர், பேக்கிங் ஓட்டை 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். “ரெண்டு மில்லிதானே சார், அட்ஜஸ்ட் ஆயிடும்!” ஆகாது சார். பரப்பளவைக் கணக்குப் போட்டால் வழியில் சுமார் 13 சதவிகிதம் அடைப்பு.

சரி, ரொம்பப் பெரிசாக வாங்கிவிடலாமா? அழுந்தி உட்கார விளிம்பு போதாமல் புகை கசியும். கசிகிற இடத்தில், ஒரு துப்பலுக்கும் அடுத்த துப்பலுக்கும் நடுவே, வெளிக்காற்று உள்ளே போகும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு வெளியான பைக்குகளில் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்ஸார் இருக்கிறது. இந்தத் திருட்டுக் காற்றை மோப்பம் பிடித்து, ‘அடடா, பெட்ரோல் போதவில்லை போல’ என்று அது தப்பாக நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். மாதக் கடைசியில் பங்க்கில் நிற்கும்போது உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம். சூடேறியதும் உலோகம் விரிந்து ஓட்டை அடைபட, சத்தம் குறைந்துவிடும். “டேப்பெட் சார்” என்று சொல்லி, ஒரு பாவமும் அறியாத டேப்பெட்டைத் திருகிக்கொண்டிருப்பார்கள். சந்தேகமிருந்தால், ஆறிய என்ஜினில் சோப்பு நீரை அந்த இணைப்பில் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வந்தால் குற்றவாளி பேக்கிங். ஓரத்தில் கரி படிந்திருந்தாலும் அதே தீர்ப்புதான்.

கார் வைத்திருப்பவர்கள் இதைச் சிரித்துவிட்டு விட முடியாது. அங்கே மூன்று, நான்கு போர்ட்டுக்குச் சேர்த்து ஒரே பேக்கிங்காகவும் வரும். போல்ட் ஓட்டை சரியாக இருந்தால் போர்ட் ஓட்டையும் சரி என்று அர்த்தமில்லை. கசியும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. வண்டிக்குள் புகுந்தால் ஆளையே மயக்கிச் சாய்த்துவிடும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய வளையம் போர்ட்டுக்குள்ளேயே நசுங்கி, ஹெட்டோடு ஹெட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புதுசை வைத்துவிடுவார்கள். முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். புது பேக்கிங்கை வைத்துப் பார்த்து, ஓரம் உள்ளே எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

“போர்ட்டைக் கொஞ்சம் ராவி விட்டுடலாம் சார்” என்று யாராவது அரத்தை எடுத்தால், சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புங்கள். ராவிய உலோகம் திரும்பி வராது. பொருத்தம் இல்லையென்றால் பேக்கிங்கை மாற்றலாம், ஹெட்டை மாற்றினால் உங்கள் சம்பளம் பொருந்தாது!