சூசையப்பரும் வளனும்

திண்டுக்கல் புனித சூசையப்பர் தேவாலயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்கின்றனர். 1866-இல் தொடங்கி 1872-இல் கட்டி முடித்தனர். 2003-இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து திண்டுக்கல் பிரிந்தபோது பேராலயமாயிற்று. இவை உண்மையே. எனினும் இக்கோவில் தமிழ் இலக்கியம் பயில்வோரும் படிக்க வேண்டிய ஏடு என்பது நம் கருத்து.

முதலில் பெயர். வீரமாமுனிவர் தேம்பாவணியின் 3,615 பாடல்களில் பாடியது இதே சூசையப்பரைத்தான். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் பொருள் பெருக்கத்தைக் குறிப்பது. அதனால் 'வளன்' எனத் தமிழாக்கினார். மக்களோ 'சூசை'யை விடவில்லை. வகுப்பறையில் வளன், கோவிலில் சூசை. இருவரும் ஒருவரே என்பதை மாணவருக்கு எத்தனை பேர் சொல்லித் தருகிறோம்?

அடுத்து கட்டடம். இது எழுந்த காலத்தில் திருப்பலி இலத்தீன் மொழியில்தான் நிகழ்ந்தது. குரு மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நிற்பார். மறையுரையும் செபமும் பாட்டும் தமிழில் ஒலித்தாலும் பீடத்தின் மொழி வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்த பிறகே தமிழ் பீடத்தேறியது. குருவும் மக்கள் பக்கம் திரும்பினார். தேம்பாவணி பிறந்து இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த மாற்றம் இது. முந்தைய ஏற்பாட்டுக்கெனக் கட்டிய பழைய கோவில்களில் பழைய பீடம், அதன்முன் கிராதி, பின்னர் வந்த புதுப்பீடம் ஆகியவையே இம்மாற்றத்தின் சான்றுகள். பளிங்கும் ஓடும் பதிக்கும் ஆர்வத்தில் முதலில் பெயர்த்தெறியப்படுபவையும் இவைதாம்.

கோவில் காட்சிக்கூடம் அன்று. வழிபடுவோர் பெருகும்போது மாற்றங்கள் தவிர்க்கவியலாதவை என்பர். மறுக்கவில்லை. திருத்துமுன் அளவெடுத்து, படமெடுத்து, கல்வெட்டுகளையும் கல்லறை வாசகங்களையும் படியெடுத்து வைக்கலாமன்றோ? இப்பணிக்குக் குருக்களை மட்டும் எதிர்பார்த்திருப்பது முறையன்று. ஊர்தோறும் தமிழ்த்துறைகள் உள்ளன. தேம்பாவணிக்குப் பொழிப்புரை எழுதச் செய்யும் நாம், மாணவரை ஒரு பிற்பகல் அக்கோவிலுக்கும் அழைத்துச் செல்வோம்.