தெரிதலும் காத்திருத்தலும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் வளர்ந்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர்பூண்ட அணிக்காக முதன்முறை ஆடினார். மறுநாள்தான் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸை அவர் ஆட்டமிழக்கச் செய்தபோது குடாநாடே மகிழ்ந்தது. 2024 மே மாதத்தில் இந்தியன் பிரீமியர் லீக்கிலும் ஐதராபாத் அணிக்கு ஆடினார். அம்மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், தொழில்முறை அணிகள் இளைஞரைத் தெரிந்துகொள்ளும் விதிகள் கல்லூரிகளை எவ்வாறு தொடுகின்றன என்பதை ஆசிரியராகிய நாம் ஆராய்தல் வேண்டும்.

லங்கா லீக்கில் முதலில் அணிகள் முறைவைத்து வீரரைத் தெரிந்தன. 2023இல் அம்முறை நீங்கி ஏலம் வந்தது. போட்டி நிகழும் காலமும் நிலையாக இல்லை. 2020 முதல் 2022 வரை ஆண்டின் இறுதியில் நடந்தது. 2023இலும் 2024இலும் ஆண்டின் நடுவில் நடந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் எந்த மாதத்தைப் பாடத்துக்கு ஒதுக்குவது, எந்த மாதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குவது?

இவ்வினா பிறநாட்டார்க்கும் புதிதன்று. வட அமெரிக்காவின் பனித்தரை ஹொக்கியில், தொழில்முறைக் கழகங்கள் சிறுவரை இளமையிலேயே ஒப்பந்தத்தாற் கட்டிவைத்த காலம் ஒன்றிருந்தது. பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற பொபி ஓர், 1962இல் தம் பதினான்காம் வயதிலேயே பொஸ்ரன் கழகத்துக்கு உரியவரானார். 1963இல் முறைவைத்துத் தெரியும் வழக்கம் தொடங்கியது. அதனோடு நன்மையான விதியொன்றும் வளர்ந்தது. தெரியப்பட்ட இளைஞன் ஒப்பந்தத்திற் கையெழுத்திடாமலே பல்கலைக்கழகம் சென்று, அங்கே படித்துக்கொண்டே ஆடலாம். அவன் படித்து முடிக்கும்வரை கழகம் தன் உரிமையை இழவாது. முடித்தபின்னும் குறித்த நாளுக்குள் உடன்பாடு எய்தாவிடின், அவன் தான் விரும்பிய கழகத்திற் சேரலாம். பல்லாண்டுகள் வழங்கிய விதி இது.

அதிலும் இடர் இல்லாமலில்லை. மாணவன் படிப்பின் இடையிற் கையெழுத்திட்டால், அன்றே கல்லூரி அணியினின்றும் நீங்கவேண்டும். அடுத்த ஆண்டு தம் சிறந்த வீரன் இருப்பானா என்பதறியாது கல்லூரிப் பயிற்றுநர் கலங்குவர். எனினும், கற்பதற்கு ஒரு காலம் உண்டென்பதை அவ்விதி ஏற்றுக்கொண்டது.

திருக்குறளில், தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்தே தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. ஒருவனைத் தெரிந்த அளவிற் கடமை முடியவில்லை. அவனுக்கேற்ற வினையை ஏற்ற காலத்தில் அளித்தலும் தெரிந்தவர் பொறுப்பாகும். ஏலத்தில் விலை கூறுவோர் முதலாவதனோடு நின்றுவிடலாகாது.

“ஆட்ட இளமை குறுகியது, வறிய வீட்டுப் பிள்ளை பொருளை ஏன் இழக்கவேண்டும்?” என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. வாயிலை அடைக்குமாறு நான் கூறவில்லை. பரீட்சை முடியும்வரை அது திறந்திருக்கவேண்டும் என்கிறேன். மாணவனைத் தெரிந்த அணி அவனுக்குரிய இடத்தைக் காத்துவைக்கலாம். போட்டிக் காலத்தைப் பாடசாலையாண்டு தொடங்குமுன்பே அறிவிக்கலாம். அவனைப் பயிற்றிய கல்லூரியின் மைதானத்துக்கும் ஒரு பங்கு அளிக்கலாம்.

மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெரும்போர், ஏலமின்றியே வீரரை வளர்த்த களமாகும். 2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்குரிய பணிகள் தொடங்கப்பட்டன. அதில் ஆடவேண்டியவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தெரிய வருவோர்க்குரிய விதிகளை, அவர்கள் வருமுன்னரே அதிபர்களும் பெற்றோரும் கூடிக் கேட்டுப் பெறுவார்களாக.